தோட்டா ரீலோடிங்: எங்கே இடிக்கிறது, ஏன் இடிக்கிறது, என்ன செய்வது?

சுட்ட பித்தளைக் கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கி, புது பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து, அடி பட்டதும் பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைத்து, பவுடர் அளந்து போட்டு, மேலே குண்டை அழுத்தினால் தோட்டா மறுபடி தயார். இதுதான் ரீலோடிங். எழுதினால் நாலே வேலை. ஆனால் பிரஸ் (கைப்பிடியை இழுத்துக் கூட்டை அழுத்தும் இயந்திரம்) முன்னால் உட்கார்ந்த முதல் சில வாரங்களில் ஏதாவது ஒன்று மாட்டிக்கொள்ளும், நசுங்கும், உள்ளே போக மறுக்கும். அப்படி என்ன நடந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இதில் வரும் எல்லாக் கோளாறுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். பத்துக் கூடுகளை இழுத்துவிட்டால் கைப்பிடி எவ்வளவு கனமாக இருக்கும் என்று தோள்பட்டைக்குப் பழகிவிடும். பதினோராவது கூடு கொஞ்சம் இறுக்கமாகவோ, வழக்கத்தைவிட லேசாகவோ போனால் அங்கேயே நிறுத்துங்கள். "கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்" என்று அழுத்திய இடங்களில்தான் நான் கருவியையும் கூட்டையும் கெடுத்திருக்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் மூன்று விஷயம். முதலில் சட்டம். பல நாடுகளில் ரீலோடிங் சாதாரணப் பொழுதுபோக்கு. வேறு பல நாடுகளில் உரிமம் இல்லாமல் பிரைமரும் பவுடரும் வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். உங்கள் ஊர்ச் சட்டம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரு டை (பிரஸ்ஸில் மாட்டும், கூட்டுக்கு அளவு கொடுக்கும் அச்சு) கூட வாங்காதீர்கள். இரண்டாவது, பவுடர் அளவை வெளியான ரீலோடிங் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். நண்பர் சொன்ன அளவு அவருடைய துப்பாக்கிக்கு. கையேட்டில் உள்ள தொடக்க அளவில் ஆரம்பித்துப் படிப்படியாகத்தான் ஏற வேண்டும். இந்தக் கட்டுரையில் எந்த பவுடர் அளவும் இருக்காது. மூன்றாவது, கண்ணாடி. பிரைமரைத் தொடும் ஒவ்வொரு நிமிடமும் கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி இருக்கட்டும்.

கூடு டைக்குள் மாட்டிக்கொண்டது, கைப்பிடி மேலேயும் வரவில்லை, கீழேயும் வரவில்லை

ரீலோடிங் செய்யும் எல்லோருக்கும் ஒரு நாள் இது நடக்கும். எனக்கு ஒரு .308 ரைஃபிள் கூட்டில் நடந்தது. பாதி வரை இறங்கும்போதே கைப்பிடி கனத்தது. நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. முழு எடையையும் கொடுத்து இறக்கினேன். பிறகு மேலே தூக்கியபோது, கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டர் கூட்டின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு தனியாக வந்தது. கூடு டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: மசகு போதவில்லை. கார்பைட் (மிகக் கடினமான உலோகக் கலவை) டையில் நேரான கைத்துப்பாக்கிக் கூடுகளை உலர்ந்தபடியே இழுக்கலாம். ஆனால் மேலே குறுகிக் கழுத்தும் தோளும் உள்ள ரைஃபிள் கூட்டுக்கு டை எதுவாக இருந்தாலும் மசகு வேண்டும். தெளிக்கும் வகை மசகைப் போட்டவுடனே இழுத்துவிடக் கூடாது. அதில் கலந்திருக்கும் ஆல்கஹால் ஆவியாக சில நிமிடம் விட வேண்டும். ஈரமாக இருக்கும்போது அது வழுக்காது. என் கூடு மாட்டியதும் அந்த அவசரத்தால்தான்.

வெளியே எடுக்க முதலில் டையை பிரஸ்ஸிலிருந்து கழற்றுங்கள். நடுவில் இருக்கும் பிரைமர் தள்ளும் கம்பியை எவ்வளவு மேலே தூக்க முடியுமோ அவ்வளவு தூக்குங்கள். கூட்டில் இருந்தது சுட்ட பிரைமர்தான் என்று உறுதி செய்துகொண்டு, அடியில் பிரைமர் துளை வழியாகத் துளைபோட்டு, மரையிட்டு, ஒரு வளையத்தை இடையில் வைத்து போல்ட்டை முறுக்கினால் கூடு மெல்ல வெளியே வந்துவிடும். இதற்கென்றே சிறு கிட் கிடைக்கிறது. முதல் டை வாங்கும்போதே அதையும் வாங்கி வையுங்கள். சுத்தியலால் தட்டினால் டையின் உட்புறம் கீறல் விழும். அப்புறம் இழுக்கும் ஒவ்வொரு கூட்டிலும் அந்தக் கோடு இருக்கும்.

மசகு அதிகமானாலும் ஒரு அடையாளம் உண்டு. கூட்டின் தோளில் விரல்நுனி அழுத்தியது போலச் சின்னப் பள்ளம் விழும். ஓட இடமில்லாத மசகு பித்தளையை உள்ளே தள்ளியிருக்கிறது. மடிப்பில்லாத சிறு பள்ளம் என்றால் அடுத்த முறை சுடும்போது தானே வெளியே வந்துவிடும். டையைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

கூட்டை வெளியே இழுக்கும்போது "கீச்" என்று சத்தம் கேட்டால் கழுத்தின் உட்புறம் உலர்ந்திருக்கிறது என்று பொருள். உள்ளேயும் கொஞ்சம் மசகு தொட்டுவிட்டால் சத்தம் அடங்கிவிடும். விட்டால் கழுத்து நீண்டுகொண்டே போகும்.

பழைய பிரைமர் வெளியே வரவில்லை, ஊசி வளைகிறது

அழுத்துவதை நிறுத்திவிட்டு, கூட்டின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நடுவே ஒரே ஒரு துளை தெரிந்தால் அது பாக்ஸர் வகை. ஓரத்தில் இரண்டு சின்னத் துளை இருந்தால் பெர்டன் வகை. சாதாரண டையால் பெர்டன் பிரைமரைக் கழற்ற முடியாது, பிரைமரைத் தள்ளும் ஊசிதான் உடையும். அந்தக் கூடுகளைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். இரண்டுமே 1860களில் பிறந்தவை. பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்காவில் பாக்ஸர் வகை நிலைத்தது, ஐரோப்பாவில் பெர்டன் வகை பரவியது. அதனால் கூடு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பார்ப்பது வீண் வேலையில்லை.

புது பிரைமர் உள்ளே இறங்கவில்லை, அல்லது துருத்திக்கொண்டு நிற்கிறது

இங்கே கைக்கு வேகம் கூடாது. பிரைமர் என்பது அடித்தால் வெடிப்பதற்காகவே செய்யப்பட்ட பொருள். இறங்காத பிரைமரை அழுத்தி நசுக்கினால் அது தன் வேலையைச் செய்துவிடும்.

ராணுவக் கூடா என்று பாருங்கள். ராணுவத் தோட்டாக்களில் பிரைமர் வெளியே தள்ளிவிடாமல் இருக்க அதன் விளிம்பைச் சுற்றிப் பித்தளையை மடித்து இறுக்கியிருப்பார்கள். பழைய பிரைமர் போனாலும் அந்த மடிப்பு அங்கேயே நிற்கும். புது பிரைமர் அதில் இடிக்கும். சுரண்டும் கருவியாலோ அழுத்தும் கருவியாலோ அந்த மடிப்பை ஒரு முறை நீக்கிவிட்டால் அந்தக் கூட்டில் அப்புறம் தொல்லை இல்லை.

அளவும் மாறியிருக்கலாம். பிரைமரில் சிறியது 0.175 அங்குலம், பெரியது 0.210 அங்குலம். .45 ஏசிபி என்ற கைத்துப்பாக்கிக் கூடுகள் இரண்டு வகையிலும் வருகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். நூறு கூட்டில் நான்கு மட்டும் சிறிய வகையாகக் கலந்திருந்தால் அந்த நான்கில்தான் கைப்பிடி முரண்டு பிடிக்கும். பிரித்து வைக்க நல்ல வெளிச்சமும் பொறுமையும் போதும்.

இறங்கிய பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ மயிரிழை உள்ளேயோ இருக்க வேண்டும். 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே என்பது பொதுவான கணக்கு. அளக்கக் கருவி வேண்டாம். கூட்டை ஒரு தட்டையான கண்ணாடி மேல் நிறுத்துங்கள். ஆடினால் பிரைமர் துருத்தி நிற்கிறது. விரல்நுனியை அடியில் தேய்த்தாலும் தெரியும். துருத்திய பிரைமரில் சுத்தியின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், தோட்டா வெடிக்காது. தானாகத் தோட்டா ஏற்றும் துப்பாக்கியில் இதைவிட மோசம்: குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட் மூடும்போதே, விசையைத் தொடாமலேயே வெடிக்கலாம். அதனால் ஒன்று விடாமல் தடவிப் பாருங்கள். துருத்தியதைப் பவுடர் போடும் முன் மறுபடி அழுத்தலாம். பவுடரும் குண்டும் வைத்த தோட்டாவின் பிரைமரை மறுபடி அழுத்தவே கூடாது. அதைப் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

தராசு ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டுகிறது

எலெக்ட்ரானிக் தராசு என்றால் முதலில் அதை சூடாக விடுங்கள், அரை மணி நேரம் முன்பே ஆன் செய்து வைப்பது நல்ல பழக்கம். மின்விசிறியை நிறுத்துங்கள், ஏசி காற்று நேராக வந்தால் திருப்புங்கள், கைபேசியைத் தள்ளி வையுங்கள், பேட்டரியைப் பாருங்கள். பிளாஸ்டிக் தட்டில் நிலைமின்சாரம் சேர்ந்தாலும் எண் நகரும். சோதனை எடைக்கல்லை வைத்து ஆரம்பத்திலும் நடுவிலும் முடிவிலும் பார்ப்பது ஒன்றே நம்பத்தக்க வழி.

அலகு குழப்பமும் உண்டு. ஒரு கிராம் என்பது 15.43 கிரெய்ன். சில கையேடுகள் கிராமில் அளவு தரும், சில கிரெய்னில். 0.1 கிராம் தவறினால் ஒன்றரை கிரெய்ன் தவறியது போல, சிறிய கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அது ஆபத்தான வித்தியாசம். 0.1 கிராம் வரை மட்டும் காட்டும் சமையல் தராசு இந்த வேலைக்கு உதவாது. 0.1 கிரெய்ன் வரை காட்டுவதுதான் வேண்டும்.

தராசு சரி, ஆனால் பவுடர் மெஷர் (பவுடரை அளந்து கொட்டும் கருவி) ஒரு கூட்டில் குறைவாகவும் அடுத்ததில் அதிகமாகவும் போடுகிறதா? குச்சி வடிவப் பவுடரில் இது நடக்கும். குச்சிகள் குழாயின் குறுகலில் குறுக்காக விழுந்து பாலம்போல நின்றுவிடும். மிச்சம் அடுத்த கூட்டில் விழும். குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள், கைப்பிடியை ஒரே தாளத்தில் இயக்குங்கள், மேலே உள்ள கலத்தைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ரீலோடிங்கில் துப்பாக்கியையே பிளக்கக்கூடிய தவறு இங்கேதான் நடக்கிறது: ஒரே கூட்டில் இரண்டு முறை பவுடர். .38 ஸ்பெஷல் போன்ற கூடுகள் கருமருந்துக் காலத்து அளவில் பெரிதாக இருக்கின்றன. இன்றைய வேகமான பவுடர் அதில் அடியில் சிறிதளவுதான் நிற்கும். இரட்டை அளவு போட்டாலும் வழியாது, குண்டும் சரியாக உட்காரும், வெளியே எந்த அடையாளமும் இருக்காது. அதனால் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது, கையேட்டில் உள்ளவற்றில் கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பும் பவுடரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு முறை போட்டால் மேலே வழிந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

என் பழக்கம் இது. பவுடர் போடாத கூடுகள் எல்லாம் பலகையில் தலைகீழாக நிற்கும். போட்டது மட்டும் நிமிர்ந்து நிற்கும். ஐம்பதும் நிமிர்ந்த பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, வரிசை வரிசையாக ஒவ்வொரு வாய்க்குள்ளும் பார்ப்பேன். பவுடரின் மட்டம் ஒரே நிழலாகத் தெரியும். ஒன்று மட்டும் கூடவோ குறையவோ இருந்தால் கண் உடனே அங்கே போய் நிற்கும். நடுவில் யாராவது கூப்பிட்டால், அந்தக் கூட்டில் போட்டேனா இல்லையா என்று யோசிப்பதில்லை. கொட்டிவிட்டு மறுபடி அளப்பேன். மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கும்.

குண்டு வைக்கும்போது கூட்டின் வாய் நசுங்குகிறது, குண்டில் இழை சீவப்படுகிறது

வாய் போதுமான அளவு விரியவில்லை. கைத்துப்பாக்கிக் கூட்டில் விரிக்கும் டையைச் சிறிது இறக்குங்கள். குண்டின் அடி கையை எடுத்தாலும் சாயாமல் வாயில் உட்கார வேண்டும், அதற்கு மேல் விரிக்க வேண்டாம். ரைஃபிள் கூட்டை வெட்டிச் சமமாக்கிய பிறகு வாயின் உள்விளிம்பை மழுக்க மறந்திருந்தாலும் இதே சீவல் வரும்.

வாய் சரியாக இருக்கிறது, ஆனால் கழுத்துக்குக் கீழே தோள் பிதுங்குகிறது என்றால், குண்டு வைக்கும் டை மிகவும் இறங்கியிருக்கிறது. குண்டு இன்னும் போய்க்கொண்டிருக்கும்போதே டை வாயை மடிக்கத் தொடங்கிவிட்டது. டையை ஒரு முழுச் சுற்று மேலே ஏற்றி, ஆழத்தை நடுக்கம்பியால் மட்டும் அமைத்து, கிரிம்ப்பை (கூட்டின் வாயைக் குண்டோடு சேர்த்து இறுக்குவதை) தனி டையில் செய்யுங்கள். கூடுகளின் நீளம் முன்பின்னாக இருந்தாலும் நீளமானவை மட்டும் நசுங்கும். .308 கூட்டின் உச்ச நீளம் 2.015 அங்குலம், .223க்கு 1.760. தாண்டியதை வெட்டி ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

கட்டைவிரலால் அழுத்தினால் குண்டு உள்ளே போகிறது

இதை ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றிரண்டு தோட்டாவிலாவது சோதியுங்கள். தோட்டாவின் நீளத்தை அளந்து, குண்டின் முனையை மர மேசையில் வைத்து அழுத்தி, மறுபடி அளக்க வேண்டும். நீளம் குறைந்தால் கழுத்தின் பிடி போதாது. துப்பாக்கி தோட்டாவை ஏற்றும்போது குண்டு உள்ளே தள்ளப்படும், உள்ளே இடம் குறையும், அழுத்தம் கிடுகிடுவென ஏறும். 9 மி.மீ. போன்ற சிறிய கூட்டில் இது மிக வேகமாக ஆபத்தாகும்.

பலர் உடனே கிரிம்ப்பை இறுக்குவார்கள். அது தப்பு. பித்தளை அழுத்தினால் கொஞ்சம் திரும்பி வரும், ஈயமும் செம்பும் அப்படித் திரும்பாது. அதிகம் இறுக்கினால் குண்டு சுருங்கிவிடும், கூடு தளர்ந்துவிடும், பிடி இன்னும் குறையும். விரிக்கும் கம்பியின் அளவைப் பாருங்கள், கூட்டை முழுதாகச் சுருக்குகிறதா என்று பாருங்கள். பலமுறை சுட்டு மெலிந்த கூடு என்றால் தூக்கிப் போடுங்கள்.

தோட்டா சேம்பரில் (குழலின் பின்பக்கம் தோட்டா அமரும் இடம்) முழுதாக இறங்கவில்லை

ஒரு கறுப்பு மார்க்கர் பேனா போதும். தோட்டா முழுக்கத் தடவி, காய்ந்ததும், கழற்றிய குழலின் சேம்பரில் கையால் விட்டு ஒரு முறை திருப்பி வெளியே எடுங்கள். குழலைக் கழற்ற முடியாத துப்பாக்கி என்றால் வெடிக்கக்கூடிய தோட்டாவை அதில் வைத்துப் பார்க்காதீர்கள். பிரைமரும் பவுடரும் இல்லாமல் குண்டு மட்டும் வைத்த மாதிரி ஒன்றைச் செய்து அதில் பாருங்கள்.

மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. குண்டின் மேல் கோடுகள் இருந்தால் நீளம் அதிகம், குண்டு குழலின் வரிப்பள்ளத்தைத் தொடுகிறது. வாயில் அழிந்தால் விரித்த வாயைக் கிரிம்ப் முழுதாக மூடவில்லை. தோளில் அழிந்தால் சுருக்கும் டை இன்னும் இறங்க வேண்டும். உடலின் கீழ்ப்பகுதியில் அழிந்தாலும் அதே டைதான், ஷெல் ஹோல்டரைத் தொடும் வரை இறக்கிப் பாருங்கள். மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு கோளாறை இந்தப் பேனா எனக்கு ஒரு நிமிடத்தில் காட்டிக் கொடுத்தது.

கூட்டின் அடிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம்

மேலே சொன்னதற்கு நேர் எதிர்க் கோளாறு: தோளை அளவுக்கு மீறிப் பின்னால் தள்ளியிருக்கிறீர்கள். சுடும்போது கூடு முன்பக்கம் ஒட்டிக்கொள்ளும், பின்பக்கம் நீளும். நாலைந்து முறையில் சுவர் மெலிந்து, ஒருநாள் அடி தனியாகக் கழன்றுவிடும். காகிதக் கிளிப்பை நீட்டி, நுனியை மட்டும் சிறு கொக்கிபோல வளைத்து, கூட்டின் உள்சுவரில் மேலிருந்து கீழே உரசுங்கள். மெலிந்த இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் தடுக்கும். தடுக்கினால் அந்தக் கூட்டையும் அதோடு சேர்ந்த தொகுதியையும் இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள். போல்ட் ரைஃபிளில் தோளை 0.002 அங்குலம் பின்னால் தள்ளினாலே பொதுவாகப் போதும்.

கழுத்தில் நீளவாக்கில் வெடிப்பு வந்தால் பித்தளை இறுகிவிட்டது, கூட்டின் ஆயுள் முடிந்தது. அதில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

சுடும் இடத்தில் தெரியும் கோளாறுகள்

விசையை இழுத்தபோது "டப்" என்று மெல்லிய சத்தம், உதைப்பு இல்லை. நிறுத்துங்கள். பவுடரே விழாத தோட்டா அது. பிரைமர் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவில் நிறுத்தியிருக்கும். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். தோட்டாக்களை இறக்கி, துப்பாக்கியைத் திறந்து, குழலில் அடைப்பு உண்டா என்று பார்த்த பிறகுதான் எதுவும். தானியங்கித் துப்பாக்கியில் வேகமாகச் சுடும்போது அடுத்த இழுப்பு தன்னால் வந்துவிடும். அதனால் புதுத் தொகுதியை முதலில் ஒவ்வொன்றாகச் சுடுங்கள்.

ஒன்றுமே நடக்கவில்லை, "க்ளிக்" மட்டும் என்றால், குழலை இலக்கின் பக்கமே வைத்து குறைந்தது 30 நொடி காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

போல்ட் தூக்கக் கனமாக இருக்கிறது, சுட்ட பிரைமர் தட்டையாகிப் பள்ளத்தை முழுக்க அடைத்திருக்கிறது, கூட்டின் அடியில் பளபளப்பான வட்ட முத்திரை விழுந்திருக்கிறது. இவை எல்லாம் அழுத்தம் அதிகம் என்பதன் அடையாளங்கள். ஒன்று தெரிந்தாலும் அந்தப் பெட்டியை மூடுங்கள். கையேட்டின் உச்ச அளவுக்குக் கீழேதானே இருக்கிறேன் என்று வாதாடாதீர்கள். உங்கள் சேம்பர் வேறு, கூட்டின் சுவர் வேறு, பிரைமரும் வேறாக இருக்கலாம். பெட்டியில் மிச்சமுள்ளவற்றைப் பிரித்து, தொடக்க அளவிலிருந்து மறுபடி வாருங்கள்.

பவுடரில் வேறு வாசனை, கைகளில் சாம்பல் நிறம்

நல்ல பவுடர் மூடியைத் திறந்ததும் லேசான கரைப்பான் மணம் தரும். மூக்கைக் குத்தும் அமில நெடியோ, டப்பாவுக்குள் செம்பழுப்புத் தூசியோ தெரிந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. பயன்படுத்தாதீர்கள். பவுடரை அதன் சொந்த டப்பாவிலேயே, வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் வையுங்கள். காற்றுப் புகாத இரும்புப் பெட்டியில் பூட்டாதீர்கள், தீப்பிடித்தால் அழுத்தம் சேர்ந்து அது வெடிக்கும். பிரைமர்களைப் பெட்டியிலிருந்து கொட்டிக் கண்ணாடி பாட்டிலில் சேர்த்து வைப்பது அதைவிட ஆபத்து. ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும்.

கையில் ஒட்டும் சாம்பல் நிறத்தில் ஈயம் உண்டு, சுட்ட பிரைமரின் எச்சத்திலிருந்து வருவது. மேசையில் சாப்பாடு, தண்ணீர், புகை எதுவும் கூடாது. வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கூடுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் தூசியை வீட்டுக்குள் பறக்க விடாதீர்கள். தவழும் குழந்தை இருக்கும் வீடு என்றால் அந்த அறைக்கு ஒரு தனிக் கதவும் பூட்டும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. தோட்டாப் பெட்டியில் தேதி, பவுடர், அளவு, குண்டு, பிரைமர், எத்தனையாவது முறை சுடும் கூடு என்று எழுதி ஒட்டுங்கள். ஒரு தோட்டாவில் கோளாறு தெரிந்தால் அதே நாளில் செய்த மற்றவை எவை என்று அந்தச் சீட்டுதான் சொல்லும். சீட்டு இல்லாத பெட்டியை நான் சுடுவதில்லை, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவேன்.